அடுத்த அடக்கம் முதல் ஒரே வரிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வருகிறது. அதற்குள் இந்தக் கடிதம் உங்கள் பக்கத்தில் வந்துவிட்டால் நல்லது, ஏனென்றால் நான் கேட்கப்போகும் காரியத்தைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான நாள் எங்கள் திருச்சபையில் கிடையாது. தமிழ்நாட்டில் எந்தெந்தப் பங்கில், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த சபையில், சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறதோ, அல்லது ஒரே தோட்டத்துக்குள் சாதிக்கு ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்களோ, அங்கெல்லாம் அடுத்து இறப்பவர் யாரோ அவரிலிருந்து ஒரே வரிசையில் அடக்கம் செய்ய வேண்டும். முதலில் இறப்பவருக்கு முதல் குழி, அடுத்தவர் எந்தத் தெருக்காரராக இருந்தாலும் அதற்குப் பக்கத்துக் குழி. இவ்வளவுதான் கேட்கிறேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்துக் கத்தோலிக்கன், பங்குப் பேரவையிலும் இருந்தவன். கிறிஸ்தவத்துக்கும் சாதி ஒழிப்புக்கும் சம்பந்தமே இல்லை, மதம் மாறியும் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்று அடிக்கடி யாராவது எழுதுகிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. எங்கள் விசுவாசத்துக்குச் சாதியை உடைக்கும் பலம் உண்டு, உடைத்தும் இருக்கிறது, ஊரையும் ஆண்டையும் சொல்லிக் காட்ட முடியும். ஆனால் உடைந்த இடங்களையெல்லாம் எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. எங்கேயும் வெறும் பிரசங்கத்தால் உடையவில்லை. சாப்பாடு, அடக்கம், சப்பரம் போகும் தெரு, கோயிலுக்குள் உட்காரும் இடம், இவற்றில் ஒன்றில் யாரோ ஒருவர் துணிந்து கைவைத்தபோதுதான் உடைந்தது.

நெல்லை மாவட்டம் ராதாபுரம் பக்கம் வடக்கன்குளம் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1745ல் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை, பத்மநாபபுரம் அரண்மனையில் நல்ல உத்தியோகத்தில் இருந்தவர், அந்த ஊரில்தான் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். அப்புறம் அவர் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார், அவர்கள் வீட்டில் புழங்கினார். அரண்மனைக்காரர்களுக்குப் பொறுக்காத விஷயங்களில் அதுவும் ஒன்று. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள், சித்திரவதை செய்தார்கள், கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது பெயரிலிருந்த பிள்ளை இல்லை, வெறும் தேவசகாயம்தான். இந்தியாவிலிருந்து புனிதரான முதல் பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர், அவர்தான். அன்று எங்கள் ஊர்க் கோயிலில் மணி அடித்தோம், வெடி போட்டோம், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே வடக்கன்குளத்தில், அவர் ஞானஸ்நானம் பெற்று நூற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1872ல் எழும்பிய திருக்குடும்பக் கோயிலின் வடிவத்தைப் பாருங்கள். பீடம் ஒன்று. அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி பிரிந்து போகும் இரண்டு நீள மண்டபங்கள். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார். சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும், ஒரு பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பவருக்கு மறுபக்கத்தில் இருப்பவரின் முகம் தெரியாது. ஒரே அப்பத்தை வாங்க வருகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வாங்கிக்கொண்டு போகும்படி கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். எந்த ஊரில் தேவசகாயம் தன் சாதியை விட்டு இறங்கி வந்தாரோ அந்த ஊரிலேயே இது நடந்தது என்பதை நினைக்கும்போது இப்போதும் மனது ஆறவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1910ல் பங்குத்தந்தையாக இருந்த கௌசானல் சாமி, ஆயரின் துணையோடு, அந்த இரண்டு மண்டபங்களையும் பிரித்த தடுப்பை இடித்தார். ஊர் சும்மா இருக்குமா? வழக்கு போட்டார்கள், சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, மிக்கேல் பிள்ளை என்பவர் ஆயர் பார்த் என்பவருக்கு எதிராக நடத்திய அந்த வழக்கு சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. கோயிலுக்குள் சாதிப்படி தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று கேட்டவர்கள் தோற்றார்கள். யோசித்துப் பாருங்கள், சுதந்திரத்துக்கு முன்னால், அரசியல் சாசனத்துக்கு முன்னால், தீண்டாமைக்கு எதிராக ஒரு சட்டமும் இல்லாத காலத்தில், ஒரு கிராமத்துச் சாமியாரால் அது முடிந்திருக்கிறது. எல்லோர் மனசும் மாறட்டும் என்று அவர் காத்திருந்தால் அந்தத் தடுப்பு இன்னும் நின்றிருக்கும்.

வேதத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. அந்தியோக்கியாவில் பேதுரு யூதரல்லாத புறவினத்தாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்ததும் பயந்துபோய் மெல்ல விலகிக்கொண்டார். பவுல் என்ன செய்தார்? தனியாகக் கூப்பிட்டு நயமாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் முன்பாக, முகத்துக்கு நேராக எதிர்த்தார், கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் அவரே எழுதியிருக்கிறார். எதிர்க்கப்பட்டவர் அப்போஸ்தலர்களுக்குத் தலைவர். பேதுரு உபதேசத்தில் எதையும் மாற்றவில்லை, பந்தியிலிருந்து எழுந்தார், அவ்வளவுதான். அதையே சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு விரோதம் என்றார் பவுல். "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை" என்ற வசனத்தை நாங்கள் எல்லாத் திருவிழா மேடையிலும் வாசிக்கிறோம், அது இந்தச் சண்டைக்கு அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறது. பந்திச் சண்டையை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி?

தமிழ்நாட்டுத் திருச்சபை அந்தப் பந்தியில் பலமுறை பேதுரு செய்ததைத்தான் செய்திருக்கிறது. 1606ல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி மேல்சாதியாருக்காகச் சந்நியாசியாக வாழ்ந்து மற்றவர்களிடமிருந்து விலகி நின்றார், மற்ற சாதிகளுக்கென்று பிறகு பண்டாரசாமிகள் என்று தனிக் குருக்கள் வந்தார்கள். லுத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபையின் பக்கம் தரங்கம்பாடியிலும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். அங்கே 1733ல் ஆரோன் முதல் இந்தியப் போதகராகக் குருப்பட்டம் பெற்றார், அவர் வெள்ளாளர். தஞ்சாவூர்ப் பக்கம் உழைத்துப் பெரிய சபையையே உண்டாக்கிய ராஜநாயக்கன் என்ற உபதேசியாருக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை, பறையர் கையால் மேல்சாதிக்காரர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிகளே பயந்தார்கள். அந்த மனிதர் எதை நினைத்துத் தொடர்ந்து ஊழியம் செய்தார் என்று எனக்குப் பலநாள் யோசனை ஓடியிருக்கிறது.

எதிர்த்து நின்றவர்களும் உண்டு. 1833ல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரும் கலகம் ஆனது, நிறையப் பேர் சபையை விட்டே வெளியேறினார்கள். 1847ல் மதுரை அமெரிக்க மிஷன் இன்னும் ஒரு படி மேலே போனது. எல்லாச் சாதியும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அன்பின் விருந்தில் கலந்துகொள்ள மறுப்பவருக்கு நற்கருணை இல்லை என்றார்கள். உபதேசியார்களே பலர் மறுத்தார்கள், அவர்களையும் விலக்கி வைத்தார்கள். ஆள் குறைந்தாலும் பரவாயில்லை என்று நின்ற அந்தத் துணிச்சல்தான் எனக்கு வேண்டும். குமரிப் பக்கம் மயிலாடியில் சாம்பவர் சமுதாயத்தைச் சேர்ந்த வேதமாணிக்கம் கூப்பிட்டு 1806ல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்து தொடங்கிய வேலை, பள்ளிக்கூடங்களாகி, நாடார் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டமாகி, அதற்கு அனுமதி தந்த 1859 ஜூலை 26 திருவிதாங்கூர் ராஜா பிரகடனம் வரை போனது எல்லோருக்கும் தெரிந்த கதை, விரிவாகச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மார்பை மூட அடிபட்டவர்களின் வம்சத்தில் வந்து இன்று பக்கத்துத் தெருவை ஒதுக்கி வைக்கிற ஊர்கள் இருக்கின்றன. தன் காயம் ஆறியதும் அடுத்தவன் காயம் கண்ணுக்குத் தெரியாமல் போவதை விசுவாசி ஒருவன் சகித்துக்கொள்ளக் கூடாது.

இப்போது நிலைமை என்ன? 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டுப் போராடினார்கள். இருக்கிற கோயிலில் சமமாக நடத்தாததால்தான் தனியாகக் கேட்டார்கள். கலவரம் ஆகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 2 உயிர் போயிற்று. சுடப்பட்டு விழுந்தவர்களும் கிறிஸ்தவர்கள், அடிபட்டு வீடு இழந்தவர்களும் கிறிஸ்தவர்கள், இரண்டு பக்கமும் அதே ஜெபமாலை மாதாவைக் கூப்பிடுகிறவர்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையை இரண்டாகப் பிரிக்கும் சுவரை எதிர்த்து எத்தனை போராட்டம் நடந்திருக்கிறது என்பதை உங்கள் நிருபர்களே சொல்வார்கள்.

ஆவணத்தில் குறை இல்லை. 1990ல் தமிழக ஆயர்கள் தலித் கிறிஸ்தவர்களுக்காக 10 அம்சத் திட்டம் கொண்டுவந்தார்கள். 2003ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ரோமுக்கு வந்த தமிழக ஆயர்களிடமே, கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாடு திருச்சபையின் பணிக்கே தடை என்று சொல்லி அனுப்பினார். 2016ல் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கை, நாட்டின் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று சொல்லி, சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் ஒத்துக்கொண்டது. பத்தில் ஆறு பேருக்கு மேல்! ஏதோ ஓரத்தில் இருக்கிற சிறு கூட்டத்துக்கு இரக்கம் காட்டும் விவகாரமா இது? சபையே அவர்கள்தான்.

இத்தனை அறிக்கைக்குப் பிறகும் ஏன் நகரவில்லை என்றால், சாதி தங்கியிருக்கும் இடங்கள் அறிக்கைக்கு எட்டாத சின்னச் சின்ன இடங்கள். பங்குப் பேரவையில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு, திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல். சில ஊர்களில் காலனி வீடுகளில் அந்த வரியை வாங்கமாட்டார்கள். ஏழைகள், பாவம், விட்டுவிட்டோம் என்பார்கள். வரி கொடுக்காதவருக்குத் திருவிழாக் கமிட்டியில் இடம் கிடையாது, மண்டகப்படி கிடையாது, சப்பரம் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று பேச வாய் கிடையாது. சப்பரம் அவர்கள் தெருவுக்குள் போகாது, முக்கில் ஐந்து நிமிஷம் நிறுத்துவார்கள், அங்கிருந்தே உப்பும் மிளகும் போட்டுக் கும்பிட்டுக்கொள்ள வேண்டும். அன்பியங்கள் என்று பக்கத்து வீட்டார் கூடும் ஜெபக் குழுக்கள் இருக்கின்றன, பெயரே அன்பிலிருந்து வந்தது, ஆனால் தெருவாரியாகப் பிரித்தோம், எங்கள் ஊர்களில் தெரு என்றால் சாதி, ஆக மாதா மாதம் ஒன்றுகூடி ஜெபிப்பதும் அவரவர் சாதிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பெரிய வியாழன் அன்று பாதம் கழுவ 12 பேரைத் தேர்ந்தெடுக்கும்போது யார் பெயர் எப்போதும் விடுபடுகிறது என்று கவனியுங்கள்.

எங்கள் பங்கிலும் முன்பு இரண்டு சவ வண்டி இருந்தது. ஒன்று பெயின்ட் அடித்து, நாலு மூலையிலும் தேவதூதர் பொம்மை வைத்து, ரப்பர் சக்கரத்தோடு கோயில் கொட்டகையில் நிற்கும். மற்றது இரும்புச் சட்டத்தில் பலகை அடித்தது, மழையிலும் வெயிலிலும் உபதேசியார் வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கும். புதிதாக வந்த சாமியார் ஒருநாள் பேரவையைக் கூட்டாமல், யாரிடமும் கேட்காமல், அந்த இரும்பு வண்டியைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார். கொஞ்ச நாளில் காலனியில் ஒரு பாட்டி இறந்தார். நல்ல வண்டிதான் போயிற்று, வேறு வண்டி இல்லையே. கொட்டகைச் சாவி வைத்திருந்தவர் முணுமுணுத்தார், இரண்டு மூன்று வீட்டார் சில வாரம் பூசைக்கு வரவில்லை, ஆயருக்கு மனு போனது. அப்புறம் அவர்கள் வீட்டிலேயே ஒரு சாவு விழுந்தது. பாட்டியை ஏற்றிப்போன அதே வண்டியில்தான் ஏற்றினார்கள். இன்று எங்கள் பிள்ளைகளிடம் இரண்டு வண்டி இருந்தது என்றால் எதற்கு என்று கேட்கிறார்கள்.

2023 டிசம்பர் வெள்ளமும் எங்களுக்கு ஒன்றைக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. எங்கள் கோயில் கொஞ்சம் மேட்டில் இருப்பதால் எல்லாத் தெருக்காரர்களும் குழந்தை குட்டியோடு உள்ளே வந்துவிட்டார்கள், இந்துக் குடும்பங்களும் வந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை. கோயில் விருந்தான அசனத்துக்கு எடுக்கும் அண்டாவில் இருந்த அரிசியைப் போட்டுக் கஞ்சி காய்ச்சினோம், காலனிப் பெண்கள்தான் முதலில் அடுப்பைப் பற்றவைத்தார்கள். யாரும் யார் கை என்று கேட்கவில்லை. பீடத்துக்கு முன்னால் பாய் விரித்து, ஈரச் சேலையோடு, ஒருவர் பிள்ளையை இன்னொருவர் மடியில் போட்டுத் தூங்கினார்கள். தண்ணீர் வடிந்த பிறகு பழையபடி ஆகிவிடும் என்றுதான் பலர் சொன்னார்கள், பாதி ஆகவும் செய்தது. ஆனால் அந்தக் கஞ்சி காய்ச்சிய பெண்கள் அன்பியக் கூட்டத்தை இரண்டு தெருவுக்கும் சேர்த்துப் போட வேண்டும் என்று சாமியாரிடம் போய் நின்றார்கள், இப்போது அப்படித்தான் நடக்கிறது, ஒருமாதம் இந்தத் தெரு வீட்டில், மறுமாதம் அந்தத் தெரு வீட்டில். வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். வயதான சிலர் அன்றைக்கு மட்டும் வெளித்திண்ணையில் இருந்துகொள்வார்கள், அவர்களையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கல்லறை விஷயத்தைப் பேசினால் வரும் பதில்கள் எனக்குப் பழக்கம். குடும்பக் கல்லறை கட்டியிருக்கிறோம், தாத்தா பக்கத்தில் அப்பாவை வைக்க வேண்டாமா என்பார்கள். கட்டிய கல்லறையை இடிக்க யாரும் சொல்லவில்லை, புதிதாகத் தோண்டும் குழிக்குத்தான் வரிசை. சட்டம் ஒழுங்கு கெடும் என்பார்கள். 1910ல் கெடாததா? இளைஞர்கள் படித்துவிட்டார்கள், தானாக மாறிவிடும் என்பார்கள். படித்த இளைஞர்களின் மணமகள் தேவை விளம்பரத்தைப் படித்துப் பார்க்கட்டும். இன்னொரு வாதம் கொஞ்சம் நியாயமாகவே தோன்றும், அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்: தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினரில் சேர்க்கும் போராட்டம் நடக்கும்போது நம் வீட்டுக் குறையை நாமே பத்திரிகையில் எழுதலாமா என்பது. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையில் இந்துக்கள் மட்டும்தான், 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் இன்னும் வெளியே. 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சேர்க்கச் சொல்லியும் நடக்கவில்லை, 2022ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். மதம் மாறினாலும் சாதியின் அடி தொடர்கிறது என்பதுதான் அந்தக் கோரிக்கைக்கு ஆதாரமே. அதை டெல்லியில் ஊர்வலம் போய்ச் சொல்லிவிட்டு ஊரில் மறைப்பது சரியில்லை. அரசிடம் உரிமை கேட்கிற ஆயர்களும் குருக்களும் தங்கள் கையெழுத்திலேயே முடிகிற காரியத்தை, ஒரு பங்குக் கல்லறையை, ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று காலனிப் பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் மறைமாவட்டத்தின் சொத்து. ஆயர் ஒரு சுற்றறிக்கை எழுதி, அடக்கப் பதிவேட்டில் வரிசை எண் போட்டு, அந்த எண்ணில் அடக்கம் செய்யாவிட்டால் சாமியார் வந்து மந்திரிக்கமாட்டார் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நவம்பர் 2 அன்று ஒரு பக்கம் தீர்த்தம் தெளித்துவிட்டு, வெளியே வந்து, சுவரைச் சுற்றி, வேறு வாசல் வழியாக மறுபக்கம் போகும் குருக்கள் இருக்கிறார்கள். சுவர் உள்ள ஊர்களில் இந்த வருஷம் அந்தச் சுவரில் ஒரு வாசலாவது திறக்கச் சொல்லுங்கள், எபேசியர் 2ல் கிறிஸ்து தகர்த்ததாகச் சொல்லும் நடுச்சுவர் என்னவென்று மக்களுக்கு அன்று புரியும்படி பிரசங்கம் செய்யலாம். சி.எஸ்.ஐ., லுத்தரன் போன்ற புராட்டஸ்டன்ட் சபைகளுக்கும் இதையே கேட்கிறேன், அவர்கள் பக்கம் அசனப் பண்டிகையில் யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஞாயிறு மணமேடை விளம்பரங்களில் ஆர்.சி. என்று போட்டு அதன் பக்கத்திலேயே சாதிப் பெயரும், சி.எஸ்.ஐ. என்று போட்டு அதன் பக்கத்திலேயே உட்சாதியும் வருகின்றன. சாதி தடையில்லை என்று போடுபவர் கொடுக்கும் கட்டணத்தைப் பாதியாக்குங்கள், அல்லது அவர்களுக்கென்று முதல் பத்தியை ஒதுக்குங்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் அந்தப் பத்தியைத் தேடி வருமா என்று ஒரு வருஷம் பார்ப்போம், வந்தால் என் பெண்ணுக்கான விளம்பரமும் அதில்தான் வரும்.

இப்படிக்கு,
ஒரு பங்கு உறுப்பினர்,
தூத்துக்குடி மாவட்டம்